ரீபில்ட் ஆன ஜெட் ஸ்கி இன்ஜினுக்கு மெயின் ஜெட் எத்தனை நம்பர் போடுவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய யமஹா சூப்பர்ஜெட் (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்), 701 சிசி, இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். ஓட்டுவது ஐக்கிய அரபு அமீரகத்தில், உம் அல் குவைன் காயலில். சிலிண்டரை ரீபோர் செய்து (கடைந்து சற்றுப் பெரிதாக்கி) புது பிஸ்டன், புது கிராங்க் சீல் எல்லாம் போட்டாயிற்று. இரண்டு 38 மிமீ மிக்குனி கார்ப்பரேட்டர். கம்பெனி ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஃபிளேம் அரெஸ்டர் (கார்ப்பரேட்டரிலிருந்து தீ வெளியே வராமல் தடுக்கும் காற்று வலை) மாட்டியிருக்கிறீர்கள். ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் நிற்கிறது. சடாரென்று த்ராட்டிலை அழுத்தினால் மட்டும் ஒரு நொடி மூச்சடைத்துப் பிறகு இழுக்கிறது. முழு த்ராட்டிலில் "முன்பைவிடச் சூப்பராகப் பறக்கிறது". எனவே மெயின் ஜெட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் போகும் அளவைத் தீர்மானிக்கும், துளையுள்ள குட்டித் திருகு; நம்பர் பெரிதானால் பெட்ரோல் அதிகம்) எத்தனை நம்பர் போடலாம்?

"சூப்பராகப் பறக்கிறது" என்ற அந்த வாக்கியம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. திணறல் தொல்லை தரும், ஆனால் இன்ஜினைக் கொல்லாது. பெட்ரோல் சற்றுக் குறைவாகப் போகிற டூ ஸ்ட்ரோக் இன்ஜின், உருகுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மிக நன்றாக ஓடும். சத்தம் கூர்மையாகும், ஆர்பிஎம் ஏறும், ஓட்டுகிறவருக்கு உற்சாகமாக இருக்கும். என் மேசையில் பேனா போட்டு வைக்கிற பிஸ்டன் ஒன்று இருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கத்து விளிம்பு மெழுகுவர்த்தி மாதிரி வழிந்து, மேல் ரிங் அலுமினியத்துக்குள் புதைந்து கிடக்கும். அந்த வண்டியைக் கொண்டுவந்தவரும் "நேற்றுதான் சார், வாங்கினதிலிருந்து இவ்வளவு வேகம் போனதே இல்லை" என்றார்.

அதனால் நம்பரை இப்போது சொல்லப்போவதில்லை. அடுத்தவர் வண்டியின் ஜெட் நம்பர் உங்கள் வண்டிக்கு ஆகாது. அவருடைய எக்ஸாஸ்ட் வேறு, அரெஸ்டர் வேறு, ஓட்டுகிற ஊரின் வெப்பம் வேறு. அதைவிட முக்கியமாக, நீங்கள் சொல்கிற திணறலுக்கும் மெயின் ஜெட்டுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

ஊரில் ஆர்எக்ஸ் 100 பைக்கின் கார்ப் (கார்ப்பரேட்டர்) கழற்றி மாட்டிப் பழகிய கை என்றால், அந்தப் பழக்கத்தில் பாதி இங்கே உதவும், பாதி காலை வாரிவிடும். பைக்கில் இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு, கியர் மாற்றும் இடைவெளி உண்டு. இன்ஜின் அப்பப்போது மூச்சு வாங்கிக்கொள்ளும். தண்ணீரில் அது கிடையாது. ஜெட் பம்ப் எந்நேரமும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுமை ஏற்றிய லாரி முடிவே இல்லாத மேட்டில் ஏறுவது போல. ஐந்து நிமிடம் தொடர்ந்து முழு த்ராட்டில் கொடுப்பது சாலையில் அபூர்வம், காயலில் சர்வ சாதாரணம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு ஆயில் போவதும் பெட்ரோலோடுதான், உள்ளே கொஞ்சம் குளிர்ச்சி கொடுப்பதும் அந்தப் பெட்ரோல்தான். அது குறைந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் குறையும். பைக்கில் "கொஞ்சம் லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கிறது, போகட்டும்" என்று விடுகிற அளவு இங்கே ஒரு செட் பிஸ்டன் விலை.

சரி, வேலைக்கு வருவோம். ஜெட்டைத் தொடுவதற்கு முன்னால் இன்ஜினில் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதி செய்யுங்கள். ரீபில்ட் முடித்தவர்களில் பெரும்பாலோர் தாண்டிப்போகிற வேலை இது. கிராங்க் கேஸ் இரண்டு பாதியும் சேருகிற இடம், சிலிண்டர் அடி கேஸ்கெட், ரீட் வால்வு கேஸ்கெட், கார்ப் உட்காருகிற இடம், ஃபிளைவீலுக்குப் பின்னால் இருக்கும் சீல், கப்ளிங் பக்கத்துச் சீல், கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பைப் பெட்ரோல் பம்ப்புக்குக் கொண்டுபோகும் பல்ஸ் குழாயின் நிப்பிள் என்று எங்கே மயிரிழை வழி இருந்தாலும் கார்ப் வழியாக வராத காற்று உள்ளே போகும். அதை எந்த ஜெட்டாலும் ஈடுகட்ட முடியாது. ஐடிலிங்கில் ஒரு அளவு கசியும், முழு வேகத்தில் வேறு அளவு கசியும். நீங்கள் ஜெட்டை மாற்றி மாற்றி அதைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

சோதனை எளிது. கார்ப் உட்காருகிற துளைகள், எக்ஸாஸ்ட், பல்ஸ் நிப்பிள் எல்லாவற்றையும் ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். சைக்கிள் பம்ப்பும் சின்ன பிரஷர் கேஜும் வைத்து ஐந்து பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அதைவிட மிக அதிகமாக ஏற்றினால் சீல் உதடு பிதுங்கிவிடலாம். மூன்று நிமிடம் முள் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை எல்லா இடத்திலும் தடவியும் குமிழி வரவில்லை, முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் கசிந்தது என் சோதனைத் தகட்டின் ரப்பர்! முதலில் அதைச் சரிபாருங்கள். ஓடுகிற இன்ஜின் மேல் கார்ப் கிளீனர் தெளித்துக் கசிவு தேடுகிற வித்தையைப் பைக்கில் செய்திருப்பீர்கள். மூடிய ஹல்லுக்குள் (வண்டியின் கூட்டுக்குள்) அதைச் செய்யவே செய்யாதீர்கள், ஆவி வெளியேற இடமில்லை.

அடுத்து, பெட்ரோல் ஒழுங்காக வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள். வண்டி தேறினால் டேங்க்குக்குக் காற்று விடும் ஒருவழி வால்வு அடைத்திருக்கிறது என்று பொருள். கார்பின் பம்ப் மூடிக்கு அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு வலை வடிகட்டி உண்டு. பழைய பெட்ரோல் குழாய்கள் உள்ளே கரைந்து பச்சைப் பிசினாக வந்து உட்காரும் இடம் அதுதான். இன்ஜினை முழுக்கப் பிரித்துச் செய்தவர்கள்கூட இருபது முப்பது வருடப் பழைய குழாயை அப்படியே மாட்டிவிடுவார்கள். குழாயை மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். டேங்க்குக்குத் திரும்பிப் போகும் குழாயின் நிப்பிளில் வேண்டுமென்றே வைத்த ஊசித்துளை இருக்கும். அதை யாராவது "அடைப்பு" என்று நினைத்துப் பெரிதாக்கியிருந்தால், பெட்ரோல் எளிதான வழியில் டேங்க்குக்கே ஓடிவிடும், அதிக வேகத்தில் கார்பில் அழுத்தம் இருக்காது.

இப்போது கார்ப். ஜெட் ஸ்கி சாயும், கவிழும், அலையில் குதிக்கும் என்பதால் பைக் கார்பில் இருக்கும் மிதவையும் தொட்டியும் இதில் கிடையாது. பதிலாக ஒரு ரப்பர் டயஃப்ரம். இன்ஜின் உறிஞ்சும்போது டயஃப்ரம் உள்ளே அமுங்கி, சின்ன நெம்புகோல் ஒன்றைத் தள்ளும். நெம்புகோலின் மறுமுனையில் நீடில் வால்வு தொங்குகிறது. அது சீட்டிலிருந்து (நீடில் உட்கார்ந்து அடைக்கும் துளை) எழும்பினால் பெட்ரோல் வரும். நெம்புகோலுக்கு அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங் நீடிலை மூடியே வைத்திருக்கப் பார்க்கும். ஆக, நீடில் எழும்ப இரண்டு சக்திகள் சேர வேண்டும். ஒன்று, மேலே டயஃப்ரத்தை இழுக்கும் இன்ஜினின் உறிஞ்சல். இன்னொன்று, கீழே பம்ப் தள்ளுகிற பெட்ரோல் அழுத்தம். எவ்வளவு அழுத்தத்தில் நீடில் 'டப்' என்று திறக்கிறதோ அதுதான் பாப்-ஆஃப்.

உங்கள் திணறல் ஒளிந்திருக்கிற இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு. கம்பெனி ஏர் பாக்ஸ் காற்றுக்குக் கொஞ்சம் தடை கொடுத்ததால் கார்புக்குள் உறிஞ்சல் நன்றாக இருந்தது. நீங்கள் மாட்டிய அரெஸ்டரில் காற்று தாராளமாக வருகிறது, உறிஞ்சல் குறைந்துவிட்டது. பழைய ஸ்பிரிங்கோ அதே விறைப்பில் நீடிலை அமுக்கிக்கொண்டிருக்கிறது. சடாரென்று பட்டாம்பூச்சி வால்வை (த்ராட்டிலை அழுத்தினால் திறக்கும் காற்றுக் கதவு) திறந்தால் காற்று உடனே பாய்கிறது. நீடில் எழும்ப ஒரு கணம் தாமதம். அந்தக் கணம்தான் உங்கள் மூச்சடைப்பு.

ஆனால் என் கணிப்பை நம்பி ஸ்பிரிங் வாங்கப் போய்விடாதீர்கள். திணறல் லீனாலா ரிச்சாலா (பெட்ரோல் அதிகமானதாலா) என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். பெட்ரோல் போதாமல் திணறினால் இன்ஜின் 'ப்வா' என்று வெறுமையாக ஒலித்து அப்படியே சாகப் பார்க்கும். பெட்ரோல் அதிகமானால் கரகரவென்று இருமும், புகை தள்ளும், வேகம் ஏற ஏறத் தானாகத் தெளியும். காது பழகவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. உங்கள் வண்டியில் பிரைமர் (கையால் அமுக்கி நேராகப் பெட்ரோல் பாய்ச்சும் குட்டிப் பம்ப்) இருக்கிறதா? திணறும் அந்த நொடியில் ஒருமுறை அமுக்குங்கள். பெட்ரோல் பாய்ந்ததும் வண்டி சீறிக் கிளம்பினால் லீன். இன்னும் மோசமாகக் கமறினால் ரிச். பிரைமர் இல்லாமல் சோக் இருந்தால் அதைக் கால்வாசி இழுத்து இதையே பார்க்கலாம். ஐம்பது திர்ஹாம் கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

பாப்-ஆஃப் அளக்கிற முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பாக அளந்தவர்கள்தான் அதிகம். கார்பைக் கழற்றி டயஃப்ரம் மூடியை எடுங்கள். நெம்புகோல் தெரியும். அதன் மேல்பரப்பு பக்கத்து உலோகத் தளத்தோடு சமமாக இருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருந்தால் டயஃப்ரம் லேசாகத் தொட்டாலே பெட்ரோல் கொட்டும்; தாழ்ந்திருந்தால் வராமல் மறுக்கும். அதைச் சரிசெய்த பிறகு நீடில் மேல் ஒரு சொட்டு லேசான எண்ணெய் விடுங்கள். காய்ந்த நீடில் வாய்க்கு வந்ததைச் சொல்லும். பத்துமுறை அளந்தால் பத்து எண் வரும். பெட்ரோல் வருகிற நிப்பிளில் கேஜோடு கூடிய கைப்பம்ப்பை மாட்டி, திரும்பு குழாயை விரலால் அடைத்துக்கொண்டு மெதுவாக ஏற்றுங்கள். முள் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் 'டப்' என்று எண்ணெய் தெறிக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுமுறை அளந்து மூன்றும் ஒன்றுக்கொன்று அருகில் வந்தால்தான் அது கணக்கு. பிறகு பத்து பிஎஸ்ஐ ஏற்றி ஒரு நிமிடம் விடுங்கள், முள் நிற்க வேண்டும். இறங்கினால் நீடிலோ சீட்டின் ஓ ரிங்கோ கசிகிறது. அப்படி இருந்தால் வேறு எந்தச் சரிசெய்தலும் வீண்.

இரண்டு கார்பும் ஒரே எண்ணில் திறக்க வேண்டும். ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் பரவாயில்லை. ஒன்று முப்பதிலும் இன்னொன்று நாற்பதிலும் திறந்தால் ஒரு சிலிண்டர் குடிக்கிறது, இன்னொன்று பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். பாப்-ஆஃபைக் குறைக்க விறைப்புக் குறைந்த ஸ்பிரிங் போடலாம், அல்லது துளை பெரிய சீட் போடலாம். சீட்டின் துளை பெரிதானால் பெட்ரோல் தள்ளுகிற பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் திறக்கும். மிக்குனியில் ஸ்பிரிங்குகள் 65, 80, 95, 115 கிராம் என்று வருகின்றன. சீட் 1.5, 2.0, 2.3, 2.5 என்று கிடைக்கும். சீட்டை அப்படியே விட்டு ஸ்பிரிங்கை மட்டும் ஒரு படி இறக்குவதுதான் முதல் முயற்சி. ஸ்பிரிங்கை வெட்டுவது, இழுத்து நீட்டுவது இரண்டும் வேண்டாம். இன்று சரியாக வரும், அடுத்த மாதம் வேறு எண் காட்டும். ரொம்பவும் குறைத்துவிட்டால் வேறு வினை: கரையோரம் மெதுவாகப் போகும்போது பெட்ரோல் தானாகச் சொட்டி இன்ஜின் முழுகும், திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

மூடியை மாட்டுவதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். மெயின் ஜெட் உட்கார்ந்திருக்கும் சின்னக் கட்டைக்கு அடியில் கண்ணாடித்தாள் போல வட்டமாக ஒரு மெல்லிய தகடு இருக்கும். அது ஒருவழி வால்வு. ஓரம் சுருண்டிருந்தால் அந்த வழியாகக் காற்று பின்னோக்கி வந்து குறைந்த வேகத்தில் பெட்ரோலைக் கெடுக்கும். அச்சு அசலாகப் பாப்-ஆஃப் கோளாறு மாதிரியே இருக்கும். சில ரிப்பேர் கிட்டில் இந்தத் தகடு வருவதே இல்லை, அதனால் பழையதையே போட்டுவிடுகிறார்கள்.

கார்பை மாட்டியாயிற்று. இரண்டு பட்டாம்பூச்சி வால்வும் ஒரே கணத்தில் திறக்கத் தொடங்குகின்றனவா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இனி வண்டி தண்ணீரில் இருக்க வேண்டும். டிரெய்லரில் வைத்து, குளிர்விக்கத் தண்ணீர் ஹோஸ் மாட்டி டியூன் பண்ணாதீர்கள். சுமையே இல்லாத இன்ஜின் எந்தக் கோளாறையும் காட்டாது. ஹோஸில் ஓட்ட நேர்ந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும், நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூட வேண்டும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் நிற்கும். புது பிஸ்டன் போட்ட மறுநாளே இப்படிப் பாழானதை இரண்டுமுறை பார்த்திருக்கிறேன்.

ஆர்எக்ஸ் கை காலை வாரும் என்றேனே, அது இங்கேதான். அந்த பைக் கார்பில் பக்கவாட்டில் இருப்பது ஏர் ஸ்க்ரூ. உள்ளே திருகினால் காற்று குறையும், மிக்சர் ரிச்சாகும். இந்த மிக்குனியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் (குறைந்த வேகத்துக்கு ஒன்று, அதிவேகத்துக்கு ஒன்று) பெட்ரோல் ஸ்க்ரூ. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், லீனாகும். பழக்க தோஷத்தில் "கொஞ்சம் ரிச் பண்ணுவோம்" என்று உள்ளே திருகி இன்ஜினை எரித்தவர் உண்டு. யார் என்று கேட்காதீர்கள், அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

குறைந்த வேக ஸ்க்ரூவை இன்ஜின் சூடான பிறகு தொடுங்கள். இரண்டு கார்பிலும் ஒரே அளவு திறந்து தொடங்கி, கால் கால் சுற்றாக அசைத்து, ஆர்பிஎம் உச்சத்துக்கு ஏறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று வெளியே விட்டு நிறுத்துங்கள். பிறகு ஐடிலிங்கைத் தண்ணீரில் 1250 ஆர்பிஎம் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அந்த நல்ல இடம் அரைச் சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் பைலட் ஜெட் (குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஜெட்) பெரிது. ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறந்தும் போதவில்லை என்றால் சிறிது, ஒரு நம்பர் ஏற்றுங்கள். இது முடிந்ததும் ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு, சடாரென்று அழுத்திப் பாருங்கள். திணறல் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் மறுபடி பாப்-ஆஃபுக்குத் திரும்புங்கள். மெயின் ஜெட் பக்கம் இன்னும் போக வேண்டாம்.

மெயின் ஜெட் கால் த்ராட்டில் தாண்டித்தான் பேசத் தொடங்கும். அதிவேக ஸ்க்ரூ பாதிக்கு மேல், குறிப்பாக முக்கால் தாண்டி. இரண்டும் சேர்ந்தே பெட்ரோல் கொடுக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. மேல்வேகத்தில் லீன் என்றால் ஸ்க்ரூவைத் திறந்து சமாளித்துவிடலாம். ஆனால் பாதி த்ராட்டில் லீனாகவே இருக்கும், அங்கே பிஸ்டன் மெதுவாக வேகும். ஸ்க்ரூவும் மூன்று சுற்றுக்கு மேல் திறந்தால் கூடுதலாக எதுவும் தராது. ஆகவே இப்போது உள்ளே என்ன நம்பர் இருக்கிறதோ அதைவிட இரண்டு படி பெரியதாகத் தொடங்குங்கள். ஜெட் 2.5 நம்பர் இடைவெளியில் வருவதால் இரண்டு படி என்றால் ஐந்து நம்பர். சில இரட்டை கார்ப் இன்ஜின்களில் முன் சிலிண்டருக்கும் பின் சிலிண்டருக்கும் கம்பெனியே வேறு வேறு நம்பர் கொடுத்திருப்பார்கள். அந்த வித்தியாசத்தை அப்படியே வைத்து இரண்டையும் ஏற்றுங்கள். பையில் நம்பர் ஒன்று, துளை வேறொன்று என்று வருகிற போலி ஜெட்டுகள் சந்தையில் நிறைய உண்டு, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று திறந்து ஓட்டுங்கள். மேல்வேகத்தில் கொஞ்சம் மந்தமாக, தொண்டை கட்டின மாதிரி இருக்கும். இருக்கட்டும், அதுதான் வேண்டும். அங்கிருந்து எட்டில் ஒரு சுற்றாக உள்ளே திருகி, ஒவ்வொரு முறையும் முழு த்ராட்டில் ஆர்பிஎம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட உள்ளே திருகாதீர்கள். நின்ற இடத்திலிருந்து கால் சுற்று வெளியே வந்து அங்கேயே விட்டுவிடுங்கள். ஐம்பது அறுபது ஆர்பிஎம் போகும், பிஸ்டன் இருக்கும். குறுக்குச் சோதனை ஒன்றும் உண்டு. முழு த்ராட்டிலில் போகும்போது விரலை லேசாகத் தளர்த்துங்கள். வேகம் குறைவதற்குப் பதில் ஒரு நொடி கூடினால் இன்னும் லீன். ஆனால் ஆர்பிஎம் திடீரென்று எகிறி, வண்டி மட்டும் முன்னே போகவில்லை என்றால் ஜெட்டைப் பழிக்காதீர்கள். இம்பெல்லருக்கும் (பம்ப்பின் சுழல்விசிறி) அதைச் சுற்றியிருக்கும் வேர் ரிங்குக்கும் நடுவே தேய்ந்து இடைவெளி கூடி, பம்ப் காற்றைக் குடிக்கிறது.

முடிவான தீர்ப்பு பிளக்கில் இருக்கிறது. புதிய பிளக் போடுங்கள். இந்த இன்ஜினுக்கு என்ஜிகே பிஆர்8ஹெச்எஸ். ஒரு நிமிடம் முழு த்ராட்டில் கொடுத்து, விரலைத் தளர்த்தாமலே கில் ஸ்விட்சைத் தட்டுங்கள். இதை ஆள், படகு, கரை எதுவும் முன்னால் இல்லாத வெட்டவெளியில் மட்டும் செய்ய வேண்டும். இன்ஜின் நின்றால் ஜெட் பீச்சுவது நிற்கும், பீச்சுவது நின்றால் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. துணைக்கு இன்னொரு படகு இருந்தால் நல்லது. பிளக்கைக் கழற்றி பீங்கானின் நுனி நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நுனி நேற்றைய ஐடிலிங் கதையைக்கூடச் சொல்லும். பீங்கான் உலோகத்துக்குள் இறங்கி மறைகிற அடியாழத்தில், டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். காப்பி டம்ளரின் அடியில் படிகிற கறை மாதிரி பழுப்பாக ஒரு வளையம் தெரிந்தால் சரி. வளையமே இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தால் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஜெட்டை ஏற்றுங்கள். பீங்கானில் மிளகுப்பொடி தூவினாற்போலப் புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் பிஸ்டன் ஏற்கெனவே கரையத் தொடங்கிவிட்டது. பிளக் துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் தலையும் தெரியும். டிரான்ஸ்ஃபர் போர்ட் (பெட்ரோல் கலந்த காற்று சிலிண்டருக்குள் வரும் வழி) பக்கங்களில் புதிதாக வருகிற பெட்ரோல் கழுவி, கரி படியாத சுத்தமான திட்டுகள் இருக்கும். கால் அங்குல அகலம் இருந்தால் நிம்மதி. திட்டே இல்லாமல் முழுக்கக் காய்ந்திருந்தால் லீன்.

இதையெல்லாம் ரன்னிங்-இன் முடிந்த பிறகு செய்யுங்கள். முதல் ஒரு டேங்க் த்ராட்டிலை ஏற்றி இறக்கியே ஓட்டுங்கள். ஆயில் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பிரீமிக்ஸில், அதாவது ஆயில் கலந்த பெட்ரோலில், ஆயிலை அதிகமாகக் கலந்தால் ரிச் ஆகும் என்று நினைப்பார்கள். நிஜத்தில் அதே ஜெட் துளை வழியாக ஆயில் கூடப் போனால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், மிக்சர் கொஞ்சம் லீன் பக்கம்தான் சாயும். லிட்டருக்கு 20 மில்லி என்பது 50க்கு 1, 25 மில்லி என்றால் 40க்கு 1. எந்த விகிதத்தில் டியூன் செய்கிறீர்களோ அதே விகிதத்திலேயே கடைசிவரை ஓட்டுங்கள்.

உம் அல் குவைன் காயலில் ஓட்டுவதாகச் சொன்னீர்கள், அதனால் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆகஸ்ட் மதியம் 45 டிகிரியில் காற்று லேசானது. ஜனவரி விடிகாலை 15 டிகிரியில் அதே காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. கார்புக்கு இது தெரியாது, அதே பெட்ரோலைத்தான் கொடுக்கும். ஆகஸ்டில் கச்சிதமாகச் செட் பண்ணிய வண்டி ஜனவரியில் லீனாகிவிடும். இந்த ஊரில் முதல் குளிர் வாரத்தில் எங்கள் பட்டறைக்குச் சீஸ் ஆன இன்ஜின்கள் வரிசையில் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். பாவம், போன மாதம் வரை நன்றாக ஓடியது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். நவம்பரில் அதிவேக ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று திறந்து மறுபடி பிளக் பாருங்கள். வண்டியை என்றாவது இந்தியாவுக்கு, நம் ஊருக்குக் கொண்டுபோனால் அங்கே இ20 பெட்ரோல் (நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்தது) வேறு இருக்கிறது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் அதே ஜெட்டில் நூற்றுக்கு ஏழெட்டு பங்கு லீனாகும். போதாக்குறைக்கு எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய டயஃப்ரத்தையும் விறைக்க வைக்கும்.

உங்கள் விஷயத்தில் நாளை காலை செய்ய வேண்டியது இவ்வளவுதான். முழு த்ராட்டிலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். அதிவேக ஸ்க்ரூ இரண்டையும் அரைச் சுற்று வெளியே விடுங்கள். இது தற்காலிகக் காப்பு மட்டுமே, தீர்வு அல்ல. பிரைமர் சோதனை செய்யுங்கள். கசிவுச் சோதனைக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள், பாப்-ஆஃபுக்கு ஞாயிறு. இரண்டு கார்பின் பாப்-ஆஃப் எண், உள்ளே இருக்கும் ஸ்பிரிங், சீட், பைலட், மெயின் நம்பர்கள், பிளக்கின் அடிப்பக்கப் படம் எல்லாவற்றையும் அனுப்புங்கள். அப்புறம் மெயின் ஜெட் நம்பர் பேசலாம்.